எழுபத்தொன்று: ஒரு பக்க அறிக்கையை வாசித்தல்

1

இங்கே விமர்சனத்துக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் பிரதி ஒரு பக்கம் மட்டுமே நீளமுள்ளது. எழுதப்பட்டது 2021 டிசம்பரில். மொழி ஆங்கிலம். ஆசிரியர் அடியில் கையொப்பமாக இருக்கிறார். பெயரைப் படிக்க முடியவில்லை. பிரதியின் நாயகன் என் அக்கா மகன். அப்போது அவனுக்கு 9 வயது. முழுக்க முழுக்க அவனைப் பற்றியது இது. ஆனால் அவனோ அவன் அம்மாவோ படிப்பதற்காக எழுதப்பட்டதல்ல. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்கள் வாசிக்க வேண்டியதில்லை என்ற அனுமானம் நம் சிறுபத்திரிகைக் கட்டுரைகளிலும் உண்டு. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் நான் ரொம்பத் துள்ள முடியாது.

அக்கா வீடு பள்ளிகொண்டாவில். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாள். விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் வந்துவிடும். மாமா பேர்ணாம்பட்டு பக்கம் தோல் ஷாப்பில் டிரம் வேலை. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பள்ளி சின்ன வகுப்புகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. மூடும்போது பையன் இரண்டாம் வகுப்பு, திறக்கும்போது நான்காம் வகுப்பு. மூன்றே வாரத்தில் பள்ளியிலிருந்து சொல்லிவிட்டார்கள்: "இவனை எங்கயாவது கொண்டுபோய்க் காட்டுங்க." அப்படிக் காட்டியதில் வந்தது இந்தப் பக்கம்.

என் தமிழில் தருகிறேன். "பிள்ளை மதிப்பீட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. இணக்கம் சிரமத்துடன் ஏற்படுத்தப்பட்டது. கவனம் தூண்டப்பட்டது, நீடிக்கச் செய்ய இயலவில்லை. புரிந்துகொள்ளும் திறன் வயதுக்குக் குறைவாகக் காணப்பட்டது." கடைசியில் தடித்த எழுத்தில் நுண்ணறிவு ஈவு 71. எல்லைக்கோட்டு நிலை.

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு முதலில் கண்ணில் படுவது இலக்கணம். எல்லாம் செயப்பாட்டு வினை. யாரால் கொண்டுவரப்பட்டது? யாருக்குச் சிரமம்? தெரியாத ஒரு அறையில் முகக்கவசம் போட்ட ஒருவர் முன் உட்கார்ந்த பையனுக்கா, வெளியே இருபது பேர் காத்திருக்க உள்ளே இருந்த அந்த உளவியலாளருக்கா? வாக்கியம் சொல்லாது. நம் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. அது மறைந்திருந்தாலும் வினைமுற்று அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த அறிக்கையின் எழுவாய் அப்படி மறைந்தது அல்ல, மறைக்கப்பட்டது. ஃபூக்கோ 1975இல் வெளியான நூலில் தேர்வு என்னும் சடங்கைப் பற்றி எழுதும்போது இதைத்தான் சொல்கிறார்: பார்ப்பவன் காணாமல் போகிறான், பார்க்கப்படுபவன் ஆவணமாகிறான், ஒரு 'கேஸ்' ஆகிறான்.

இன்னொன்று. அந்தப் பக்கத்தில் பள்ளி ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக்கிடந்த செய்தி இல்லை. பையன் பேசிய ஒரு சொல்கூட இல்லை.

2

பெற்றோரை அறைக்குள் விடவில்லை. பக்கத்தில் அம்மா இருந்தால் பிள்ளை அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் என்பதால் அப்படி ஒரு வழக்கம். நியாயம்தான். முக்கால் மணி நேரம் கழித்து வந்தவனிடம் பஸ்ஸில் கேட்டேன்.

"இன்னாடா கேட்டாங்க?"

"இன்னென்னமோ கேட்டாங்க மாமா. தெர்லன்னு சொன்னேன்."

"எல்லாத்துக்குமா?"

"ஒண்ணுக்குத் தெரியும். அத்த சொன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லல. எழுதிக்கினாங்க."

இரண்டு பொருள்களைச் சொல்லி அவை எந்த வகையில் ஒன்று என்று கேட்பது இச்சோதனைகளில் ஒரு பகுதி. உண்மையான கேள்வியை வெளியே சொன்னால் சோதனை கெட்டுவிடும் என்பது அத்துறையின் சரியான விதி. அதனால் இங்கே ஜோடியை மாற்றி எழுதுகிறேன். ஆடும் மாடும் எப்படி ஒன்று என்று கேட்டதாக வைத்துக்கொள்வோம். "விலங்குகள்" என்றால் முழு மதிப்பெண். "நாலு கால்" என்றால் பாதி. நம்மவன் சொன்னது: "ரெண்டும் ஷாப்புக்கு வரும்."

ஷாப்பு என்றால் இந்தப் பக்கத்தில் தோல் ஷாப்பு. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் உப்புப் போட்டு வந்து இறங்குகிற இடம். அவனுடைய அப்பா நிற்கிற இடம். கேள்வி கேட்டவருக்கு ஷாப்பு என்றால் கடை. கடைக்கு ஆடும் மாடும் எப்படி வரும்? சூன்யம்.

லூரியா 1931இலும் 1932இலும் உஸ்பெகிஸ்தானத்துக்குப் போய் இதே மாதிரி கேட்டார். சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை ஆகியவற்றில் எது சேராதது? எழுத்தறியாத விவசாயிகள் எதையும் எடுக்க மறுத்தார்கள். கட்டை இல்லாமல் ரம்பத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார்கள். பொருள்களை வகை என்ற பெட்டியில் போடுவது பள்ளிக்கூடம் பழக்கும் பழக்கம். வேலையில் ஒன்றோடொன்று சேர்வதை வைத்து யோசிப்பது இன்னொரு பழக்கம். அந்த ஆய்வு நூலாக வந்தது 1974இல்தான். லூரியாவும் முதலாவதை மேல்படி என்றும் இரண்டாவதைக் கீழ்ப்படி என்றும்தான் வைக்கிறார். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பதிலை எழுதிவைத்தார். நம் அறிக்கையில் அதுவும் இல்லை.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. உழைக்கும் மக்களின் மாற்று அறிதல்முறை, மேட்டிமையின் அளவுகோல் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடலாம். பத்து வருஷம் முன்னால் என்றால் நானே அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் அவன் 'மரம்' என்பதை 'ரமம்' என்று எழுதினான். ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் வரியின் தலை மறந்துபோனது. அவனை விட இரண்டு வயது சின்ன தங்கை அதே வீட்டில், அதே மூடிய பள்ளியோடு, எழுத்துக்கூட்டிப் படித்தாள். கஷ்டம் நிஜம். சொல்லாடலைக் கட்டுடைத்துவிட்டால் அது போய்விடாது. ஃபூக்கோவை வைத்துக்கொண்டு ஒரு பையனுக்கு ளகர ழகரம் பிரித்துக் காட்ட முடியாது.

3

அப்படியென்றால் அளவுகோலை விட்டுவிட முடியாது. அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

1904இல் பிரெஞ்சு அரசு ஒரு குழு போட்டது. சாதாரண வகுப்பில் பாடத்தோடு ஓட முடியாத பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தனியாகக் கற்பிக்க வேண்டும். வாத்தியாரின் கோபத்தையும் பிடித்தம் பிடிக்காததையும் நம்பிப் பிள்ளையைத் தள்ளக்கூடாது. அதற்காக ஆல்ஃப்ரெட் பினேயும் சைமனும் 1905இல் முதல் அளவுகோலைச் செய்தார்கள். பினே 1909இல் எழுதிய நூலில், அறிவு என்பது கூட்ட முடியாத நிலையான சரக்கு என்று பேசுகிறவர்களைக் கடுமையாக எதிர்க்கிறார். பின்தங்கிய பிள்ளைகளின் கவனத்தையும் நினைவையும் வளர்க்கப் பயிற்சிகள் வகுக்கிறார். 1911இல் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு ஸ்டெர்ன் மனவயதை உடல்வயதால் வகுத்து 'ஈவு' என்ற ஒற்றை எண்ணைக் கொண்டுவந்தார். 1916இல் டெர்மன் அதை ஸ்டான்ஃபோர்டில் நிலைநிறுத்தினார். அமெரிக்காவுக்கு பினேயை 1908இல் கொண்டுபோனவர் நியூ ஜெர்ஸியில் வைன்லாண்ட் பயிற்சிப் பள்ளியில் இருந்த காடர்ட். 1912இல் ஒரு குடும்பத்தின் கதையை எழுதி, அறிவுக்குறை இரத்தத்தில் வருவது, பெருகவிடக்கூடாது என்று வாதிட்டவரும் அவரே. உதவி செய்யப் பிறந்த கருவி ஏழே ஆண்டில் விலக்கிவைக்கும் கருவியானது.

அதே வைன்லாண்டிலிருந்து 1935இல் எட்கர் டால் இன்னொரு அளவுகோல் செய்தார். பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்காமல், தானே சாப்பிடுமா, சட்டை போட்டுக்கொள்ளுமா, தனியாகத் தெருவுக்குப் போய் வருமா என்று வளர்க்கிறவர்களிடம் விசாரிப்பது அது. நாக்பூரில் மாலின் இதை இந்தியாவுக்காகத் திருத்தினார். குழந்தைகளுக்காக வெக்ஸ்லர் 1949இல் செய்த நுண்ணறிவுச் சோதனையையும் அவரே 1969இல் இந்தியக் குழந்தைகளுக்காக மாற்றினார். அதற்கும் முன்னால் 1929இல் லாகூரில் ரைஸ் இந்துஸ்தானியிலும், 1930களில் தார்வாரில் காமத் கன்னடத்திலும் மராத்தியிலும் பினேயைக் கொண்டுவந்திருந்தார்கள். இந்தப் பெயர்கள் இன்றும் நம் ஊர் அறிக்கைகளின் தலைப்பில் இருக்கின்றன.

1949, 1969, 2021. ஒரு பிள்ளையின் தலையில் வைக்கப்படும் அளவுகோலின் வயது இது. பழைய அளவுகோல் எந்தப் பக்கம் தவறும்? தலைமுறைக்குத் தலைமுறை சோதனை மதிப்பெண் ஏறிக்கொண்டே வருகிறது என்று 1984இல் ஜேம்ஸ் ஃப்ளின் காட்டினார். அமெரிக்காவில் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி. ஆகவே காலாவதியான அளவுகோல் பிள்ளையை உயர்த்திக் காட்டும். தெரியாத மொழிநடையும் பயமும் மூடிய பள்ளியும் தாழ்த்திக் காட்டும். இரண்டு பிழைகள் எதிரெதிர்த் திசையில். அவை ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? எல்லாம் ஒழுங்காக நடந்தாலே இந்த எண் நாலைந்து புள்ளி இப்படி அப்படிப் போகும் என்பது சோதனையைச் செய்தவர்களே சொல்வது. அறிக்கையில் அந்த 'இப்படி அப்படி' கிடையாது. 71 என்றால் 71.

4

நடத்தையை அளக்கும் படிவங்கள் தனி. "சொன்னதைக் கேட்பதில்லை", "இருப்பிடத்தில் உட்காருவதில்லை" என்ற மாதிரி வரிகள். எதிரே எப்போதும், சில சமயம், ஒருபோதும் இல்லை என்று கட்டங்கள். அம்மா ஒன்று நிரப்புவாள், ஆசிரியர் ஒன்று நிரப்புவார். இரண்டும் பொருந்துமா? அக்கென்பாக்கும் கூட்டாளிகளும் 1987இல் 119 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வேறு வேறு உறவில் இருப்பவர்கள் ஒரே பிள்ளையைப் பற்றிச் சொல்வதற்கு இடையிலான ஒட்டுறவு 0.28தான், முழுப் பொருத்தம் என்றால் 1. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதும் மற்றவர்கள் சொல்வதும் 0.22. இதை யாரோ பொய் சொல்கிறார்கள் என்று அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை வீட்டில் ஒரு மாதிரி, வகுப்பில் ஒரு மாதிரி. ஆகவே ஒருவர் சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதாதே என்றார்கள். தன்னிலை ஒற்றையல்ல என்பதை நாம் தத்துவமாகப் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே இந்தத் துறை அதைக் கணக்காகப் போட்டு வைத்திருந்தது. நம்முடைய பையனுக்கு ஆசிரியர் படிவம் மட்டும் போயிருந்தது. அம்மா படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால் "பரவாயில்ல, விடுங்க" என்றுவிட்டார்கள்.

வளர்ந்த பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கனம் கூடியது. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 16 முதல் 18 வயதுப் பிள்ளையை வளர்ந்தவனாக விசாரிக்கலாமா என்று முடிவு செய்ய ஒரு முதல்கட்ட மதிப்பீடு உண்டு. மன வலிமை, உடல் வலிமை, விளைவை அறியும் திறன் எல்லாம் அதில் வரும். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இது நுட்பமான வேலை, வாரியத்தில் குழந்தை உளவியல் அறிந்தவர் இல்லையென்றால் அறிந்தவரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்றது. ஒரு வாசலில் சலுகை தரும் பக்கம் இன்னொரு வாசலில் சிறைக்கு வழி சொல்லும். அங்கேயும் செயப்பாட்டு வினைதானா?

அறிக்கையில் ஆறும் இல்லை. பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 1996இல் ஒரு தீர்ப்பு, 2025 ஜனவரியில் மறுபடியும் ஒரு தீர்ப்பு. இரண்டிலும் மாசுபடுத்தியவன் ஈடு கொடுக்க வேண்டும் என்பதே சாரம். ஆற்றின் குரோமியத்துக்கும் பையனின் 71க்கும் நான் நேர்க்கோடு போடவில்லை. ஆதாரமில்லாமல் போடுவது அந்த அறிக்கை செய்த அதே வேலை. ஆனால் அளப்பதை வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு வேலூரிலேயே உதாரணம் இருக்கிறது. நகரத்தின் குடிசைப் பகுதிகளில் பிறந்த குழந்தைகளை 2010லிருந்து சி.எம்.சி. ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். இரண்டு வயதிலும் ஐந்து வயதிலும் அறிவுத்திறனை அளந்தார்கள். கூடவே வளர்ச்சி குன்றியிருக்கிறதா, இரும்புச்சத்து எவ்வளவு, இரத்தத்தில் ஈயம் எவ்வளவு, வீடு எப்படி என்பதையும் அளந்தார்கள். சோதனை அதே வகைச் சோதனைதான். கேள்வி வேறு. 'இந்தப் பிள்ளைக்கு என்ன குறை' என்பது ஒரு கேள்வி. 'இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது' என்பது இன்னொரு கேள்வி.

5

அறிக்கையை வாங்கியதும் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "எழுவதுக்கு மேலயா கீழயாடா?"

எனக்குப் புரியவில்லை. கம்பெனியில் பக்கத்து மிஷின்காரி சொல்லியிருக்கிறாள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் 2018 ஜனவரியில் வந்த வழிகாட்டு நெறிகள்தான் அன்றைக்கு நடப்பு. அறிவுசார் குறைபாட்டில் 69 வரை இருந்தால் குறைந்தது 50 சதவீதம். 70லிருந்து 84 வரை 25 சதவீதம். பெரும்பாலான உரிமைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். ஆகவே 71க்கு ஒன்றுமில்லை. சரி, கற்றல் குறைபாடு என்று போகலாமே? அந்த நெறிகளின்படி அதற்கான சோதனைக்குள் நுழையவே ஈவு 85க்கு மேல் இருக்க வேண்டும். இரண்டு வேலிகளுக்கு நடுவில் ஒரு சந்து. அங்கே நிற்பவனுக்குச் சலுகையும் இல்லை, சொல்பவர் எழுதுபவர் உதவியும் இல்லை, பெயர் மட்டும் உண்டு: எல்லைக்கோடு.

நான் எண்களின் வன்முறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ எண்ணே வேணாங்கற. எனக்கு இன்னும் ரெண்டு எண்ணு கம்மியா குட்த்திருந்தா போதும். உன் கட்டுரைக்கு எம் புள்ளதான் கெடச்சானா?"

இதுவரை என் எழுத்துக்கு வந்த விமர்சனங்களில் சரியானது இது. அளவீடே இல்லாத காலம் இந்தப் பக்கத்தில் இருந்தது. அது பொற்காலம் அல்ல. "படிப்பு ஏறல" என்று இரண்டே சொல். யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது, யாரிடம் மேல்முறையீடு செய்வது, ஒன்றும் கிடையாது. சேரிப் பிள்ளையும் முஸ்லிம் தெருப் பிள்ளையும் ஷாப்புக்கும் பீடி சுற்றவும் போனது அந்த இரண்டு சொல்லால். தோல் தொழிலில் உழைப்பவர்களில் பெரும்பகுதி தலித்துகளும் முஸ்லிம்களும் என்பது தற்செயல் அல்ல. வாத்தியாரின் அந்த எழுதப்படாத அறிக்கைக்கும் அதில் பங்குண்டு. எழுதப்பட்ட அறிக்கையோடாவது சண்டை போடலாம். 2007இல் வந்த ஓர் இந்திப் படத்துக்குப் பிறகு நடுத்தர வர்க்கத்துக்குக் கற்றல் குறைபாடு என்ற சொல் பழகிவிட்டது. அதில் பையன் கடைசியில் பிரமாதமாகப் படம் வரைகிறான். எங்கள் பையனுக்குப் படமும் வராது. அவனுக்கு வேண்டியது மேதை என்ற ஈடு அல்ல; கேள்வித்தாளைச் சத்தமாகப் படித்துக்காட்ட ஒரு ஆள்.

6

2023 ஜூனில் வேறொரு இடத்தில் மறுபடியும் பார்த்தோம். அந்த அம்மாள் முதல் நாள் அக்காவிடம் மட்டும் பேசினார். பையன் காலையில் எழுந்து என்னென்ன செய்வான் என்று கேட்டார். பள்ளி எவ்வளவு நாள் மூடியிருந்தது என்று கேட்டார். இரண்டாம் நாள் பையனோடு. "தெர்ல" என்று அவன் சொன்னபோதெல்லாம், சோதனை விதி இடம் கொடுத்த அளவுக்குக் காத்திருந்தாராம். எண் 82.

பதினொரு புள்ளி ஏறியும் சந்திலிருந்து அவன் வெளியே வரவில்லை. அன்றைய நெறிகள் அப்படியே இருந்தன. ஆனால் இந்த அறிக்கை மூன்று பக்கம். ஒரு பக்கம் தமிழில், கையால் எழுதியது. காதால் கேட்டால் புரிகிறது, கண்ணால் படித்தால் தடுமாறுகிறது. ஒலியை எழுத்தோடு சேர்ப்பதில் சிக்கல். தினம் இருபது நிமிஷம் இப்படிச் செய்யுங்கள். பள்ளியில் இதைக் கேளுங்கள். "நான் இரண்டு நாள் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இது" என்று முடித்திருந்தார். எழுவாய் உள்ள வாக்கியம்.

இதிலிருந்து நான் கேட்பது பெரிய விஷயமல்ல. பிள்ளையைப் பற்றிய பக்கம் பிள்ளையின் வீட்டு மொழியில் ஒரு பிரதி கொடுக்கப்பட வேண்டும். அந்த வீடு உருது பேசினால் உருதுவில். பிள்ளை சொன்ன பதில்களில் மதிப்பெண் பெறாதவையும் நாலைந்தாவது அதில் இருக்க வேண்டும். எண்ணோடு அதன் பிழை எல்லையும் அச்சாக வேண்டும். அம்மாவின் படிவம் நிரப்பப்படாமல் அறிக்கை முடியக்கூடாது. 70க்கும் 84க்கும் நடுவே நிற்பவனுக்கு, சான்றிதழ் எதுவானாலும், தேர்வு அறையில் படித்துக்காட்ட ஆள் தர வேண்டும். இவை எதற்கும் புதிய தத்துவம் வேண்டியதில்லை.

நம் பங்குக்கும் ஒன்று உண்டு. அளவீடு அதிகாரம் என்று எழுதிவிட்டு நாம் நகர்ந்துவிட்டோம். அந்த அதிகாரத்தின் வாசலில் கம்பெனிக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு எண்ணுக்காகக் காத்திருக்கிற அக்காமார்கள் நம் வாசிப்பில் வரவேயில்லை.

இரண்டு அறிக்கைகளும் அக்கா வீட்டில் ரேஷன் கார்டோடு ஒரே கவரில் இருக்கின்றன. தமிழ்ப் பக்கத்தைப் போன பொங்கலுக்குப் பையன் எனக்குப் படித்துக் காட்டினான். நேரமாயிற்று. 'தடுமாறுகிறது' என்ற இடத்தில் தடுமாறினான், அவனே சிரித்துவிட்டான். படித்து முடித்துவிட்டு ஆங்கிலத் தாளை எடுத்துக் கேட்டான்: "இதுல இன்னா மாமா போட்டுக்கீது?" இன்னும் நான் அதை அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. முதலில் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.